அவருடைய கண்காட்சியா, என் படிப்பா?

கேள்வி: நானும் அவரும் சென்னை அரசு கவின்கலைக் கல்லூரியில் ஒன்றாகப் படித்தவர்கள். நான் ஓவியம், அவர் சிற்பம். நான்கு ஆண்டுகளாகக் காதலிக்கிறோம். ஈஞ்சம்பாக்கத்தில் ஒரு ஷெட்டை வாடகைக்கு எடுத்து வேலை செய்கிறோம். எனக்குப் பரோடாவில் முதுகலை படிக்க இடம் கிடைத்திருக்கிறது. ஜனவரியில் அவருடைய முதல் தனிக்கண்காட்சி. “இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மேலே வர முடியாது. முதலில் நான் காலூன்றிக்கொள்கிறேன், பிறகு உன் முறை” என்கிறார். அவருடைய விண்ணப்பங்கள், கேட்லாக், சிற்பங்களைக் கட்டி அனுப்புவது எல்லாவற்றையும் நான்தான் பார்க்கிறேன். ஷெட்டில் இடமில்லாததால் ஓராண்டாகச் சிறிய நீர்வண்ணப் படங்கள்தான் வரைகிறேன். இப்போது கிளம்பினால் நான் சுயநலக்காரியா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சென்னை

பதில்: அன்புள்ள சகோதரி, சுயநலக்காரியா என்று கேட்டிருக்கிறீர்கள், ஆனால் அந்தக் கேள்விக்குச் சற்று முன்னால், போகிற போக்கில் நீங்கள் எழுதிவிட்ட ஒரு வரிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஓராண்டாகச் சிறிய படங்கள்தான் வரைகிறீர்கள், அதற்குக் காரணம் இடமில்லாதது. சிறிதாக வரைய வேண்டும் என்று நீங்களே விரும்பி எடுத்த முடிவாக இருந்தால் அதில் ஒரு குறையும் இல்லை. ஷெட்டின் தரையை அவருடைய வார்ப்பு அச்சுகளும் களிமண் மூட்டைகளும் பிடித்துக்கொண்டதால் உங்கள் தாள் மடியளவுக்குச் சுருங்கியிருக்கிறது என்றால், உங்கள் ஓவியத்தின் அளவை வேறொருவருடைய வேலை தீர்மானிக்கிறது என்று பொருள். அவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. சிற்பம் இடத்தை அடைத்துக்கொள்ளும் கலை. யாரும் திட்டமிடாமலேயே இப்படி நடந்துவிடும்.

லீ கிராஸ்னர் என்ற அமெரிக்க ஓவியரின் வாழ்க்கையை நீங்கள் கலை வரலாற்று வகுப்பில் புகழ்பெற்ற ஓவியர் ஜாக்சன் பொல்லாக்கின் மனைவி என்ற அளவில் கடந்து வந்திருப்பீர்கள். பொல்லாக்கைச் சந்திப்பதற்கு முன்பே நியூயார்க் கலை வட்டாரத்தில் அறியப்பட்டிருந்தவர் அவர். விமர்சகர்களிடம் பொல்லாக்கை அறிமுகப்படுத்தியவரும் அவரே. 1945 அக்டோபரில் திருமணம் செய்துகொண்டு இருவரும் லாங் ஐலண்டில் ஸ்பிரிங்ஸ் என்ற ஊருக்குக் குடிபோனார்கள். அந்த வீட்டை ஒட்டியிருந்த பெரிய கொட்டகை பொல்லாக்கின் பட்டறையாயிற்று. கிராஸ்னருக்கு மாடியில் ஒரு படுக்கையறை கிடைத்தது. கொட்டகைத் தரையில் பெரிய பெரிய துணிகளை விரித்துப் பொல்லாக் வண்ணத்தைச் சொட்டவிட்ட அதே ஆண்டுகளில், கிராஸ்னர் அந்த அறைக்குள் அடங்கும் சிறிய ஓவியங்களைத் தீட்டினார். (அவை மட்டமானவை என்று நினைத்துவிடாதீர்கள்; அருமையான படங்கள்.) 1956 ஆகஸ்டில் பொல்லாக் கார் விபத்தில் இறந்தார். அதன் பிறகே கிராஸ்னர் கொட்டகைக்கு மாறினார். 1957-இல் அவர் தீட்டிய ‘பருவங்கள்’ என்ற ஓவியத்தின் அகலம் ஐந்து மீட்டருக்கும் மேல். நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் அவருடைய வாழ்நாள் படைப்புகளின் கண்காட்சி திறக்கப்பட்டது 1984 டிசம்பரில். அவர் அந்த ஆண்டு ஜூன் மாதமே காலமாகிவிட்டார். “பிறகு உன் முறை” என்று உங்களிடம் சொல்லப்பட்டதைப் படித்தபோது எனக்கு இந்தத் தேதிகள்தான் நினைவுக்கு வந்தன.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மேலே வர முடியாது என்பதும் உண்மையல்ல. டெல்லியில் ஒரே கல்லூரியில் ஓவியம் பயின்று 1962-இல் மணந்துகொண்ட அர்ப்பிதா சிங், பரம்ஜித் சிங் இருவரும், ஒருவர் மனித உருவங்களையும் மற்றவர் நிலக்காட்சிகளையுமாக, தத்தம் வழியில் வரைந்து தனித்தனியே பெயர் பெற்றவர்கள். பணம்தான் கவலை என்றால், உங்கள் ஷெட் இருக்கும் ஈஞ்சம்பாக்கத்திலேயே விடை இருக்கிறது. 1966-இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று அமைத்த சோழமண்டலம் கலைஞர் கிராமத்தில் ஓவியர்களும் சிற்பிகளும் மெழுகு பூசிச் சாயமேற்றும் பாத்திக் துணியும் கைவினைப் பொருள்களும் செய்து விற்றுத்தான் நிலம் வாங்கினார்கள், அடுப்பும் எரிந்தது. சம்பாத்தியத்துக்கான வேலையை எல்லோரும் பகிர்ந்துகொண்டதால்தான் அது நடந்தது. உங்கள் ஷெட்டில் அந்தப் பங்கீடு இல்லை.

உங்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும், கோபப்படாதீர்கள். அவருடைய கேட்லாக்கைத் திருத்துவதும் சிற்பங்களுக்கு வைக்கோலும் சாக்கும் சுற்றுவதும் அலுப்பான வேலைகள் என்றாலும், அவற்றில் ஒரு பாதுகாப்பு இருக்கிறது. அவை சரியாக முடிந்தால் பாராட்டு உங்களுக்கும் வரும். கண்காட்சி தோற்றால் பழி உங்கள் மேல் விழாது. பரோடாவில் ஆசிரியர்கள் முன்னால் மாட்டப்படுவது உங்கள் படம் மட்டும்தான். இந்தத் தயக்கத்தில் எத்தனை பங்கு அவர் மேல் உள்ள பிரியம், எத்தனை பங்கு அந்தச் சுவரைக் கண்டு வரும் பயம் என்று நீங்கள்தான் பிரித்துப் பார்க்க வேண்டும். எனக்குத் தோன்றுவதைச் சொன்னால், பாதிக்குப் பாதி இருக்கும்.

ஆகவே போங்கள். காதலை முறித்துக்கொண்டு போக வேண்டியதில்லை. சென்னை சென்ட்ரலிலிருந்து நவஜீவன் எக்ஸ்பிரஸ் பரோடா வழியாகவே போகிறது, ஜனவரியில் கண்காட்சித் திறப்புக்கு நீங்கள் வந்து நிற்கலாம். அவரிடம் பேசும்போது “என்னைத் தடுக்கிறாய்” என்று தொடங்காதீர்கள். அது சண்டையில்தான் முடியும். விண்ணப்பம், கேட்லாக், பேக்கிங் ஆகிய மூன்றையும் யார் எடுத்துக்கொள்வது என்று மட்டும் கேளுங்கள். பதறினாலும், நண்பர்களைக் கூப்பிட்டு ஏற்பாடு செய்யத் தொடங்கினால் அவர் தேறிவிடுவார். “அப்படியானால் என் மேல் அன்பில்லையா” என்பதே பதிலாக வந்தால், கல்யாணப் பேச்சை இரண்டு ஆண்டுகள் தள்ளிப்போடுங்கள். வீட்டில் அம்மாவிடம் படிப்பைக் காரணமாகச் சொல்வதும் எளிது.

கல்லூரிக் கட்டணத்தை இந்தப் பேச்சுக்கு முன்பே கட்டிவிடுங்கள். கட்டாமல் பேச உட்கார்ந்தால், இரவு பதினொரு மணிக்கு அவர் முகம் வாடுவதைப் பார்த்து நீங்களே “அடுத்த வருடம் போகிறேன்” என்று சொல்லிவிடுவீர்கள்.