கையேட்டை வைத்துவிட்டு வா, தம்பி

தம்பி, உன் கடிதம் கிடைத்தது. மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் நம் குளுவாங்குக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது, வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் வேலை, தீபாவளிக்கு இரண்டு நாள் விடுப்பு, அதற்குள் சிங்கப்பூரை ஒரு நடை பார்த்துவிட்டு வந்துவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். அறந்தாங்கியில் ஏஜெண்டு கொடுத்த பதினாறு பக்கக் கையேட்டில் இருப்பதெல்லாம் உண்மைதானா என்றும் கேட்டிருக்கிறாய். நீ பார்த்து எழுதிய பத்திகளைப் படிப்பதற்காகச் சவரக் கத்தியைக் கீழே வைத்தேன். நாற்காலியில் ஒரு கன்னம் நுரையோடு இருந்தவர், "என்ன அண்ணே, ஊரில் ஏதாவது கெட்ட செய்தியா?" என்று கேட்டார். சிரிப்பை அடக்கினால் என் முகம் அப்படித்தான் ஆகிவிடும்.

"காலைப் பலகாரம் முடித்து நடந்தால் மதியச் சோற்றுக்குள் நாடு முடிந்துவிடும்" என்கிறது கையேடு. சின்ன நாடுதான், மறுக்கவில்லை. ஆனால் பரப்பு 730 சதுர கிலோமீட்டருக்கு மேல். நம் சென்னை மாநகராட்சியே 426தான். போதாதென்று கடலைத் தூர்த்து இன்னும் நிலம் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள். கிழக்குக் கோடியிலிருந்து மேற்குக் கோடிக்கு ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர். அந்தப் புழுக்கத்தில் மதியத்துக்குள் நீ முடிந்துவிடுவாய், நாடு முடியாது.

அடுத்தது சுயிங்கம். "மென்றால் தூக்கு. கண்டேன், வியந்தேன்." தூக்கு உண்டு, போதைப்பொருள் கடத்துகிறவர்களுக்கு. சுயிங்கத்துக்கு 1992 முதல் இறக்குமதியும் விற்பனையும் தடை, அவ்வளவுதான். 2004க்குப் பிறகு மருத்துவப் பயனுள்ள சில வகைகளை மட்டும் அனுமதித்தார்கள். இரண்டு வேறு சட்டங்களை ஒரே வரியில் முடிச்சுப் போட்ட புண்ணியவான் யார் என்று உனக்குத் தெரிய வேண்டும் அல்லவா?

நான்தான்.

நீ அனுப்பிய ஒவ்வொரு பத்தியும் "கண்டேன், வியந்தேன்" என்று முடிகிறதே, அது என் கடிதங்களின் முத்திரை. 1996இல் இங்கே முடிதிருத்தும் கடைக்கு வந்தேன். சம்பளம் போட்ட ஞாயிற்றுக்கிழமை தோட்டத்திலிருந்து ஆட்கள் வரிசையாக வந்து உட்காருவார்கள். அவர்களில் சிங்கப்பூரில் வேலை பார்த்துவிட்டு வார இறுதியில் மோட்டார் சைக்கிளில் திரும்பும் இளைஞர்களும் இருப்பார்கள். துண்டைக் கழுத்தில் கட்டியதும் கதை தொடங்கிவிடும். நானோ அப்போது சிங்கப்பூரைக் கண்ணால் பார்த்ததில்லை. ஊருக்கு வாரம் ஒரு கடிதம் எழுத வேண்டும். செம்பனையையும் லயத்து வீடுகளையும் பற்றி எத்தனை வாரம்தான் எழுதுவது? மச்சான் மதிக்க வேண்டாமா? நாற்காலியில் கேட்டதையெல்லாம் நேரில் பார்த்ததாக எழுதிப் போட்டேன். அவன் அதை டீக்கடையில் உரக்கப் படித்திருக்கிறான். முப்பது வருடம் கழித்து அது அச்சேறி, பணம் கொடுத்து வாங்கிய உன் கையில் வந்து சேர்ந்திருக்கிறது.

சிங்கப்பூர் ஆற்று முகத்தில் பாதிச் சிங்கம், பாதி மீனாக ஒரு பிராணி தண்ணீர் கக்குகிறது என்று எழுதியதும் நான்தான். "சிலை" என்று எழுதக் கை வரவில்லை. மாலை ஆறு மணிக்கு அதற்குத் தீனி வைப்பார்கள் என்பது மட்டும் டீக்கடையில் சேர்ந்தது. அது 1972இல் வைத்த சிலை. உயரம் 8.6 மீட்டர், 2002இல் இப்போதிருக்கும் இடத்துக்கு நகர்த்தினார்கள். மறுவருடம் போய்ப் பார்த்தபோது எனக்கே ஏமாற்றம். என் கடிதத்தில் இன்னும் பெரியதாக இருந்தது.

கடிகாரத்தை, ஜொகூரிலிருந்து சிங்கப்பூர் போகும் பாலத்தின் நடுவில் இரண்டரை மணி நேரம் முன்னே தள்ளச் சொல்கிறதா? தொடாதே. அந்த இரண்டரை மணி இந்தியாவுக்கும் நமக்கும் உள்ள வித்தியாசம், விமானம் இறங்கியதுமே தள்ளியிருப்பாய். ஜொகூரிலும் சிங்கப்பூரிலும் ஒரே நேரம்தான். நாம் பாலம் என்று சொல்வதும் பாலமல்ல, நீரிணைக்குக் குறுக்கே கல்லைக் கொட்டிப் போட்ட கரை. 1924இல் திறந்தது, நீளம் ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். "பத்து நிமிடத்தில் கடக்கலாம்" என்பது என் சரக்கல்ல. விடுமுறை நாளில் அங்கே நின்ற எவனும் அப்படி எழுதமாட்டான்.

விளையாட்டில்லாத ஒன்று. "அதிகாரியிடம் தமிழில் இரண்டு வார்த்தை பேசினால் விசா கேட்கமாட்டார்" என்ற வரியை அடித்துவிடு. தமிழ் அங்கே நான்கு ஆட்சிமொழிகளில் ஒன்று, அது உண்மை. ஆனால் இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு விசா வேண்டும், முன்கூட்டியே விண்ணப்பித்து வாங்க வேண்டும். மலேசியாவை விட்டு வெளியே போனால் உன் வேலைப் பெர்மிட்டில் திரும்ப வர வழியிருக்கிறதா என்று முதலாளியிடம் கேட்டுக்கொள். அவர் உன் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்திருந்தால், தன்மையாகக் கேட்டு வாங்கிக்கொள். அடுத்தவர் பாஸ்போர்ட்டைத் தன் வசம் வைத்திருப்பது இந்த நாட்டில் குற்றம்.

நீ நம்பவே முடியவில்லை என்று அடிக்கோடிட்டிருந்தாயே, "குடிதண்ணீரைப் பக்கத்து நாட்டிலிருந்து ஆயிரம் காலன் மூன்று காசுக்கு வாங்குகிறார்கள்" என்று? அது மட்டும் முழு உண்மை. 1962இல் ஜொகூரோடு போட்ட ஒப்பந்தம், 2061 வரை ஓடும், ஒரு நாளைக்கு 25 கோடி காலன் வரை சுத்திகரிக்காத ஆற்றுத் தண்ணீரை எடுக்கலாம். சுத்திகரித்த தண்ணீரில் ஒரு பங்கை ஜொகூருக்கு ஆயிரம் காலன் ஐம்பது காசு என்று திருப்பி விற்கிறார்கள். இதைச் சொன்னவர் நீர்க்குழாய் வேலைக்காரர். அன்று அவருக்கு மொட்டை, ஆகவே பேச நேரம் இருந்தது. இதே போல, குளுவாங் என்ற பெயர் பழந்தின்னி வௌவாலின் மலாய்ப் பெயரிலிருந்து வந்தது என்று ஊருக்கு எழுதினேன். "புளுகாதே" என்று மச்சானிடமிருந்து பதில் வந்தது.

இரண்டு நாள் விடுப்பில் சிங்கப்பூர் வேண்டாம். விசா எடுத்துப் பிறகு போகலாம். தீபாவளியன்று காலை என் வீட்டுக்கு வந்துவிடு, இட்டிலியும் கோழிக்குழம்பும் இருக்கும். மறுநாள் ரயில் நிலையத்துக் கோப்பிக் கடைக்குப் போவோம், 1938 முதல் இருக்கும் கடை. கால் வலிக்க ஏற வேண்டுமென்றால் இங்கே குனோங் லம்பாக் மலை இருக்கிறது, 510 மீட்டர். சிங்கப்பூரின் மிக உயர்ந்த குன்று இதில் மூன்றில் ஒரு பங்குகூட வராது.

வரும்போது அந்தக் கையேட்டையும் மறக்காமல் கொண்டு வா. பன்னிரண்டாம் பக்கத்தில் ஒட்டகச் சவாரி என்று ஏதோ எழுதியிருக்கிறாய். அது நான் எழுதியதல்ல, தம்பி. யார் என்று பார்க்க வேண்டும்.