டேங்கின் அடியில் துரு: கம்ப்ரஸரை ஓட்டலாமா?

கே: பஞ்சர் கடையில் 200 லிட்டர் கம்ப்ரஸர் வைத்திருக்கிறோம். வாங்கி ஒன்பது வருடம். டேங்கின் அடியில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்து துருத்தண்ணீர் கசிகிறது. வெல்டிங் வைக்கலாமா, எம்-சீல் போதுமா?
- வாசகர், நாகப்பட்டினம்

ப: இரண்டும் வேண்டாம். மெயினை அணைத்து, காற்றை முழுவதும் இறக்கிவிடுங்கள். அந்த டேங்கில் இனி காற்று ஏற்றக் கூடாது.

துரு உள்ளிருந்து அரித்து வந்து, ஓரிடத்தில் முதலில் வெளியே தெரிந்திருக்கிறது. சுற்றியுள்ள தகடும் தேய்ந்துதான் இருக்கும். வெல்டிங் சூட்டில் அது பொத்துக்கொள்ளும். தப்பினாலும் பற்றின் ஓரத்தில் விரிசல் காணும். எம்-சீல் கசிவை மறைக்குமே தவிர, தகட்டுக்குப் பலம் தராது. 45 செ.மீ. விட்டமுள்ள பக்க மூடியை சதுர அங்குலத்துக்கு 150 பவுண்டு அழுத்தமுள்ள காற்று ஏறக்குறைய 17 டன் விசையோடு தள்ளுகிறது. பசை தாங்குகிற சமாச்சாரமா இது?

புது டேங்க் வாங்கி, பழைய ஹெட் (காற்றை அழுத்தும் பகுதி), மோட்டாரை அதில் ஏற்றிக்கொள்ளலாம். பழைய டேங்கைக் காயலான் கடைக்குப் போடுமுன் பெரிதாக ஒரு துண்டை வெட்டி எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பெயின்ட் அடித்து இன்னொருவர் தலையில் கட்டிவிடுவார்கள்.

கே: டேங்கில் யாரும் தண்ணீர் ஊற்றுவதில்லை. பிறகு எங்கிருந்து வருகிறது?
- வாசகி, தூத்துக்குடி

ப: காற்றிலிருந்துதான். 30 டிகிரி வெயிலில், 80 சதவீத ஈரப்பதத்தில், ஒரு கனமீட்டர் காற்றில் சுமார் 24 கிராம் நீராவி இருக்கும். அழுத்திக் குளிரும்போது அதில் பெரும்பகுதி தண்ணீராகி அடியில் தங்கிவிடும். கடலோர ஊர்களில் இது வருடம் முழுக்க நடக்கும்.

தினமும் கடை சாத்தும்போது மோட்டாரை நிறுத்தி, அழுத்தத்தை 20, 30 பவுண்டுக்கு இறக்கி, அடியிலுள்ள டிரெயின் காக்கை (தண்ணீரை வடிக்கும் குழாய்த் திருகு) மெதுவாகத் திறங்கள். தண்ணீர் நின்று வெறும் காற்று வரும்வரை விடுங்கள். வெளியேறுவது பால்போல் இருந்தால் ஆயில் கலந்திருக்கிறது. சாக்கடையில் விடாமல் கேனில் பிடியுங்கள். காக் அடைத்திருந்தால், அழுத்தம் பூஜ்யத்துக்கு வந்தபிறகே கழற்றிக் கம்பியால் குத்துங்கள். குனிய அலுப்பாக இருப்பதால்தான் பலர் இதைச் செய்வதில்லை. காக்குக்குப் பதில் ஒரு பைப்பும் பால் வால்வும் (ball valve) வைத்துப் பக்கவாட்டில் கொண்டுவந்துவிட்டால் கை எட்டும்.

கே: சேஃப்டி வால்வு அடிக்கடி 'புஸ்' என்கிறது. இறுக்கிவிடலாமா?
- வாசகர், கோவை

ப: கூடவே கூடாது. முதலில் பிரஷர் ஸ்விட்ச் சரியான அளவில் கட்-ஆஃப் ஆகி மோட்டாரை நிறுத்துகிறதா பாருங்கள். ஆகிறதென்றால் வால்வு கெட்டிருக்கிறது, மாற்றுங்கள். புது வால்வு திறக்கும் அளவு, டேங்கின் பெயர்த்தகட்டில் உள்ள வேலை அழுத்தத்தைத் தாண்டக் கூடாது.