கொடிக்கயிறு

அன்புள்ள ஐயா,

வணக்கம். எனக்கு அறுபத்தெட்டு வயது. நீடாமங்கலம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறேன். பள்ளி நாட்களில் தேசியக் கொடியை ஆண்டுக்கு இரண்டு நாள் அண்ணாந்து பார்த்ததோடு சரி. இப்போது ஆகஸ்ட் வந்தால் மோட்டார் சைக்கிள், மளிகைக் கடை, மாட்டுக்கொட்டகை என்று எங்கும் கொடி. சென்ற ஆண்டு சுதந்திர தினம் முடிந்து ஐந்தாறு நாளில், வாய்க்கால் மதகில் ஆகாயத்தாமரையோடு சிக்கிக் கிடந்த ஒரு கொடியை எடுத்து வந்தேன். தூக்கி எறிய மனமில்லாமல் இன்னும் வீட்டில் வைத்திருக்கிறேன். இதைத் தெருவில் சொன்னபோது, "உங்க வீட்டு மாடியில கொடியே இல்லையே" என்று இளைஞர்கள் என்னையே கேட்டார்கள். நாட்டுப்பற்று கூடியிருக்கிறதா, கொடிக்கான மரியாதை குறைந்திருக்கிறதா? தங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

கா.மு.

அன்புள்ள கா.மு. அவர்களுக்கு,

மதகில் கிடந்த கொடியைப் பார்த்தும் பாராமல் போய்விடாமல் எடுத்து வந்தீர்களே, அதற்கு என் வணக்கம். அதை என்ன செய்வதென்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நைந்துபோன கொடியைக் கிழிக்காமல், முழுதாக, தனியிடத்தில், மரியாதையோடு எரித்துவிடலாம் என்பதே கொடி விதித்தொகுப்பு காட்டும் வழி.

உங்கள் சிறுவயதில் கொடி அத்தனை அரிதாக இருந்ததற்கு மக்களின் பயபக்தி மட்டும் காரணமில்லை. குறிப்பிட்ட சில தேசிய நாட்களைத் தவிர, தனிமனிதர் தம் வீட்டிலோ தொழிற்கூடத்திலோ கொடியேற்ற அன்றைய விதிகளில் இடமில்லை. இன்று சத்தீஸ்கரில் உள்ள ராய்கரில் இருந்த தமது தொழிற்சாலையில் கொடி பறப்பதை அதிகாரிகள் தடுத்தபோது தொழிலதிபர் நவீன் ஜிண்டால் நீதிமன்றம் சென்றார். 1995-இல் டெல்லி உயர் நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 2002 ஜனவரி 26 முதல் புதிய விதித்தொகுப்பு நடைமுறைக்கு வந்தது. 2004 ஜனவரி 23 அன்று உச்ச நீதிமன்றம், மரியாதையோடு கொடியேற்றுவது அரசியல் சட்டம் தரும் பேச்சு, கருத்துச் சுதந்திரத்தில் அடங்கும் என்று உறுதி செய்தது. அலுவலகக் கம்பத்திலிருந்து கொடி குடிமக்களின் வீட்டுக்கு வந்தது இப்படித்தான். அது வந்திருக்க வேண்டிய இடத்துக்கே வந்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அதற்குப் பிறகு நடந்தவற்றில்தான் எனக்கு வருத்தம் இருக்கிறது. கையால் நூற்றுக் கையால் நெய்த துணிதான் கொடியாகலாம் என்ற விதி 2021 டிசம்பர் இறுதியில் தளர்த்தப்பட்டு, பாலியஸ்டருக்கும் இயந்திரத்துக்கும் வழி திறந்தது. 2022 ஜூலையில், பொதுமக்கள் தம் வீட்டில் இரவு பகலாகக் கொடியைப் பறக்கவிடலாம் என்று ஆயிற்று. அடுத்த மாதமே வீடுதோறும் மூவர்ணக் கொடி இயக்கம். ஏற்றிய கொடியை இறக்கியாக வேண்டும் என்ற கடமை போன பிறகு, இறக்குவாரில்லாத கொடி காற்றில் கிழிந்து உங்கள் வாய்க்காலுக்கு வந்து சேர்ந்ததில் வியப்பில்லை. அந்த இளைஞர்களைக் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. கொடியை வாங்கச் சொன்னவர்கள் உண்டு; அதை மடிக்க யாரும் அவர்களுக்குச் சொல்லித் தரவில்லை.

எங்கள் பள்ளியில் ஆகஸ்ட் 14 மாலை ஒரு தகரப் பெட்டியைத் திறப்பார்கள். அந்துருண்டை வாசனையோடு கதர்க் கொடி வெளியே வரும். உடற்பயிற்சி ஆசிரியர் அதை மேசையில் விரித்து, நீள்வாக்கில் மடித்து, சாமந்தி இதழ்களை உள்ளே வைத்துச் சுருட்டி, உருவாஞ்சுருக்குப் போடுவார். அந்த முடிச்சு கீழிருந்து ஒரே இழுப்பில் அவிழ வேண்டும். ஏறும்போது தானாக அவிழ்ந்துவிடவும் கூடாது. பூ வைக்காமல் மூன்று முறை ஒத்திகை பார்ப்பார். மறுநாள் பொழுது சாயும் முன் கொடியை இறக்கும்போது, தரையில் பட்டுவிடாமல் ஏந்திக்கொள்ள இரண்டு பிள்ளைகள் கையை நீட்டிக்கொண்டு நிற்போம். நீங்கள் மரியாதை என்று சொல்வதை நான் கற்றது அந்த வேலையில்தான்.

ஆனால் கொடியைப் பற்றிய கருத்து நம் பகுதியில் ஒருபோதும் ஒன்றாக இருந்ததில்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். 1932 ஜனவரி 26 அன்று சென்னைக் கோட்டைக் கொடிமரத்தில் ஏறி மூவர்ணக் கொடியைப் பறக்கவிட்ட ஆர்யா என்கிற பாஷ்யம், மன்னார்குடியை அடுத்த சேரங்குளத்துக்காரர். 1947 ஆகஸ்ட் 15-ஐப் பெரியார் துக்கநாள் என்றார். அண்ணா அதை ஏற்காமல் சுதந்திரத்தை வரவேற்றார். 1955-இல் இந்தித் திணிப்பை எதிர்த்துத் தேசியக் கொடி எரிப்புப் போராட்டம் அறிவித்த பெரியார், முதலமைச்சர் காமராஜர் அளித்த உறுதிமொழிக்குப் பிறகு அதை ஒத்திவைத்தார். தஞ்சைப் பண்ணைகளில் உழைத்தவர்களுக்கோ கொடி என்றால் செங்கொடிதான். அடி உதைக்கு நடுவே சேரி முகப்பில் அவர்கள் தாங்களே நட்டுக்கொண்ட கொடி அது. சுதந்திர தினத்தன்று மாநிலங்களில் ஆளுநர்களே கொடியேற்றிவந்த வழக்கத்தை மாற்ற வைத்து, 1974-இல் கோட்டையில் முதலமைச்சராகக் கொடியேற்றிய கலைஞர், திருக்குவளையில் பிறந்தவர். எந்தக் கொடி என்பதோடு, அதன் கயிறு யார் கையில் என்ற கேள்வியும் இந்த மண்ணில் எப்போதும் இருந்திருக்கிறது.

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்வதற்குப் பொறுத்துக்கொள்ள வேண்டும். எங்கள் ஒன்றியத்தில் ஓர் ஊராட்சியில், பட்டியல் சாதியைச் சேர்ந்த பெண் ஒருவர் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தார். நடவுக்கும் களைக்கும் போகிறவர். ஒரு சுதந்திர தினத்தன்று துணைத் தலைவர் கயிற்றை இழுத்தார். தலைவர் வரிசையின் கடைசியில் நின்று மிட்டாய் வாங்கிக்கொண்டார். மறுநாள் அவரிடம் கேட்டேன். "நான் இழுத்தா நாளைக்கு நடவுக்குக் கூப்பிட மாட்டாங்க ஐயா" என்றார்.

2022 ஆகஸ்டில் தலைமைச் செயலாளர் இறையன்பு, பட்டியல் சாதி ஊராட்சித் தலைவர்கள் இடையூறின்றிக் கொடியேற்றுவதை உறுதிசெய்யும்படி மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதினார். சுதந்திரம் பெற்று 75 ஆண்டுகள் ஆன பிறகும் அப்படி ஒரு கடிதம் தேவைப்பட்டது. அந்த ஆண்டு அலுவலர்கள் உடனிருக்க, அந்த அம்மாள் கயிற்றைப் பிடித்தார். நகக்கண்ணில் நாற்றங்கால் சேறு முழுதாகப் போகாத கை. முதல் இழுப்பில் முடிச்சு அவிழவில்லை. கயிற்றைச் சற்றுத் தளரவிட்டு மறுபடி இழுத்தார்; இதழ்கள் அவர் தலையிலும் தோளிலும் உதிர்ந்தன. அவர் அதைத் தட்டிவிடவே இல்லை. கொடிகளைப் பற்றி நான் கவலைப்படுவதெல்லாம் அந்தக் காட்சியை வைத்துத்தான். எல்லா மாடியிலும் கொடி பறக்கிற ஓர் ஊரில், பொதுக் கம்பத்தின் கயிற்றை ஒருவர் தொடக் கூடாது என்றிருந்தால், மாடிகளை எண்ணி நாட்டுப்பற்றை அளக்க என்னால் முடியாது.

உங்கள் மாடியில் கொடி இல்லாதது குறையில்லை. கொடியேற்றுவது கருத்துரிமை என்றால், ஏற்றாமலிருப்பதும் அதே உரிமையில் சேர்ந்ததுதான். தேசிய கீதத்துக்கு எழுந்து நின்று, ஆனால் சமய நம்பிக்கை காரணமாகப் பாடாமலிருந்த கேரளத்துப் பிள்ளைகள் மூவரைப் பள்ளி நீக்கியது செல்லாது என்று 1986-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இதைக் கோபமில்லாமல் அந்த இளைஞர்களிடம் சொல்லுங்கள். வைத்திருக்கும் அந்தக் கொடியை எரிக்கும் நாளில் அவர்களையும் உடன் அழைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் அதை மடிக்கவும் உருவாஞ்சுருக்குப் போடவும் ஒருமுறை காட்டிக்கொடுங்கள்.

உங்கள் ஊராட்சிக் கம்பத்தில் இத்தனை ஆண்டுகளில் யார் யார் கயிறு பிடித்தார்கள் என்பது உங்களுக்கு நினைவிருக்கும். நேரம் கிடைக்கும்போது அதை எழுதி அனுப்புங்கள். சேரியிலிருந்து தலைவராக வந்தவர்கள் உண்டென்றால், அவர்கள் காலத்தில் என்ன நடந்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

அன்புடன்.