பித்தப்பையே இல்லை, கல் எங்கிருந்து வந்தது?

கேள்வி: டாக்டர் ஐயா, அம்மாவுக்கு 48 வயது, தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து எடுக்கிறார். நாலு வருஷத்துக்கு முன்னமே பித்தப்பையை எடுத்துவிட்டார்கள். இப்போது திரும்பவும் குளிர்காய்ச்சல், வயிற்று நோவு, கண் மஞ்சள். ஈரலின் இடப்பக்கக் குழாய்க்குள் நிறையக் கல்லாம். அந்த ஓரத்தையே வெட்டி எடுக்க வேண்டுமாம். பை இல்லாதவருக்குக் கல் எப்படி வந்தது? பாதி ஈரல் போனால் இனிக் கூடை சுமக்க முடியாது என்று அப்பாயி அழுகிறார்.
– ஒரு மகள், பொகவந்தலாவை

பதில்: மகள், முதலில் அப்பாயியின் அழுகையை நிறுத்துவோம். ஈரலை நாங்கள் 8 துண்டங்களாகப் பிரித்துத்தான் கணக்குப் பார்ப்போம். இடது ஓரம் என்றால் 2ஆம், 3ஆம் துண்டங்கள். முழு ஈரலில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்குதான். கவ்வாத்து வெட்டின தேயிலை தளிர்க்கிற மாதிரி ஈரலும் வளரும் என்று சொல்ல ஆசை. ஆனால் வெட்டின துண்டு திரும்ப முளைக்காது. மிச்ச ஈரல் நல்லதாக இருந்தால் அது சில மாதத்தில் பருத்து ஈடுகட்டிவிடும்.

பையில் கிடந்த கல் வேறு, இது ஈரலுக்குள்ளேயே பிறந்த கல். பெரும்பாலும் மண்நிறமாக இருக்கும்; விரலால் நசுக்கினால் காய்ந்த சேறு போல உதிரும். பீலிக்கு, அதாவது நாம் தண்ணீர் பிடிக்கும் இடத்துக்கு, வரும் குழாய் ஓரிடத்தில் நெளிந்தால் அதற்கு மேலே சேறு தங்குமே, அதே கதைதான். சுருங்கின குழாயில் பித்தம் தேங்கும், கிருமி சேரும், கல் கட்டும். சேற்றை மட்டும் வழித்தால் எத்தனை நாளைக்கு? வாய்வழியாகக் குழாய் விட்டுக் கல் எடுக்கும் முறை, ஈரலுக்கு வெளியே உள்ள பெரிய குழாய்க்கு நல்லது. உள்ளே சுருங்கின இடத்தைத் தாண்டுவது கஷ்டம். அதனால்தான் குழாய் சுருங்கின அந்த ஈரல் துண்டையே எடுக்கச் சொல்கிறார்கள். இன்னொன்றையும் மறைக்க மாட்டேன்: வருஷக்கணக்காகப் புண்பட்ட குழாயில் புற்றுநோய் வரவும் கூடும்.

ஒப்பரேஷனுக்குப் பிறகு வயிற்றிலிருந்து ஒரு ரப்பர் குழாய் தொங்கலாம், பித்தம் கசிந்தால் வெளியே வருவதற்கு. பயப்பட வேண்டாம். மிச்சக் கல் இருக்கும் என்று சந்தேகப்பட்டால் இன்னொரு குழாயைச் சில கிழமை விட்டுவைத்து, அந்த வழியாகவே கமரா விட்டு எடுப்பதும் உண்டு.

ஒப்பரேஷன் திகதி வரும்வரை ஒன்றில் மட்டும் கவனம். நம் மலையில் உடம்பு நடுங்கினால் கம்பளியைத்தான் தேடுவோம். அம்மாவுக்கு நடுக்கமும் கண் மஞ்சளும் சேர்ந்து வந்தால், கீழாநெல்லி அரைத்துக்கொண்டிருக்காமல் அன்றிரவே வாகனம் பிடியுங்கள். அடைபட்ட பித்தத்தில் சீழ் பிடித்தால் ஒரு இரவுகூடப் பொறுக்காது.

கூடைக்கு வருகிறேன். என் அம்மாவும் சுமந்தவர்தான். தலைக்கயிற்றை இழுத்துக் குனியும்போது பாரமெல்லாம் வயிற்றில் இறுகும். ஆறாத காயம் பிதுங்கிக் குடலிறக்கம் வரும். வயிற்றைத் திறந்து செய்தால் 6 முதல் 8 கிழமைக்குப் பாரமே வேண்டாம். பிறகு சத்திரசிகிச்சை டாக்டர் பார்த்துச் சொன்னதும் சிறுகச் சிறுகத் தொடங்கலாம். வீட்டுக்கு அனுப்பும்போது, பாரம் தூக்கக் கூடாது என்று திகதி போட்டு எழுதித் தரச் சொல்லுங்கள். வாயால் சொன்னால் தோட்டத்தில் வேலை வாங்கும் கணக்கப்பிள்ளை நம்பமாட்டார்.