மூன்று போர்டுகளில் ஒரே பிழை: டிவைஸ் ட்ரீ கோப்புகளை எங்கே பிரிப்பது?

கேள்வி: பினாங்கு, பாயான் லெப்பாஸில் லினக்ஸ் கெர்னல் பணியில் இருக்கிறேன். பிராசசர் சிப் உள்ள சிறு போர்டான ஒரே மாட்யூலைக் கொண்டு, அதைச் செருகும் மூன்று வகை கேரியர் போர்டுகள் செய்கிறோம். ஒவ்வொரு முறையும் முந்தைய டிவைஸ் ட்ரீ கோப்பை, அதாவது போர்டில் என்னென்ன வன்பொருள் இருக்கிறது என்று கெர்னலுக்குச் சொல்லும் கோப்பை, நகலெடுத்துத் திருத்தினோம். இப்போது ஒன்றில் சரிசெய்த பிழை மற்ற இரண்டிலும் அப்படியே கிடக்கிறது. எப்படிப் பிரித்து அடுக்குவது?

பதில்: முதல் போர்டை அவசரமாக எழுப்பும்போது நகலெடுக்காதவர் யார்? மூன்றாவது போர்டு வந்த பிறகும் நகலிலேயே காலம் தள்ளுவதுதான் ஆபத்து.

திரையை விட்டுவிட்டுப் போர்டைக் கையில் எடுங்கள். வன்பொருள் எங்கே கழன்று வருகிறதோ, அங்கேதான் கோப்பும் பிரிய வேண்டும். உங்களுக்குச் சிப், மாட்யூல், கேரியர் போர்டு என்று மூன்று அடுக்கு. முதல் இரண்டும் டிடிஎஸ்ஐ, அதாவது பிற கோப்புகள் சேர்த்துக்கொள்ளும் பொதுக் கோப்புகள். கடைசி மட்டும் டிடிஎஸ், அதாவது அந்தந்தப் போர்டுக்கே உரிய கோப்பு. சிப்புக்கான கோப்பு பெரும்பாலும் கெர்னலிலேயே இருக்கும். உங்கள் போர்டுக்காக அதில் கை வைக்காதீர்கள்.

ஒரு வரி எங்கே போக வேண்டும் என்ற சந்தேகம் வந்தால் நான் கேட்டுக்கொள்வது இதுதான்: எந்தப் பாகத்தை மாற்றினால் இந்த வரி பொய்யாகும்? யூஆர்ட்டை, அதாவது சிப்பின் சீரியல் போர்ட்டை, எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ரெஜிஸ்டர் முகவரியும் இன்டரப்ட் எண்ணும் சிப்போடு பிறந்தவை. சிப் கோப்பில் அது 'டிசேபிள்ட்' என்ற நிலையில் உறங்கிக் கிடக்கும். அதன் கம்பிகள் எந்தக் கனெக்டரில் முடிகின்றன என்பது கேரியர் போர்டுக்குத்தான் தெரியும். ஆகவே சிப் கோப்பில் அதற்கு வைத்த பெயரான லேபிளைச் சுட்டி அதை 'ஓகே' என்று எழுப்புவது டிடிஎஸ் கோப்பின் வேலை. மாட்யூலில் பற்றவைத்த ஈஎம்எம்சி சேமிப்பகமும் மின்னழுத்த ரெகுலேட்டர்களும் மாட்யூல் கோப்புக்கு.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஓர் ஈதர்நெட் சிப்பின் ரீசெட் பின்னை, எல்லாப் போர்டிலும் ஒன்றுதானே என்று மாட்யூல் கோப்பில் எழுதி வைத்தேன். அடுத்து வந்த கேரியர் போர்டில் அதே பின் ஒரு ரிலேவுக்குப் போயிருந்தது. கெர்னல் எழும்போதெல்லாம் ரிலே 'டக்' என்று அடித்தது. காரணத்தைக் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆயிற்று. பொதுக் கோப்பிலிருந்து வந்த நோடை, அதாவது ஒரு பாகத்துக்கான பகுதியை, நீக்கப் போர்டு கோப்பில் 'டெலீட்-நோட்' என்று அடிக்கடி எழுத நேர்ந்தாலும் இதே நோய்தான்: கீழே இருக்க வேண்டிய வரி பொதுக் கோப்புக்கு ஏறிவிட்டது.

பிரிக்கும் முன், கம்பைல் செய்து கிடைத்த இப்போதுள்ள மூன்று டிடிபி கோப்புகளையும் பத்திரப்படுத்துங்கள். பிரித்துக் கம்பைல் செய்த பின், கெர்னலோடு வரும் டிடிஎக்ஸ்-டிஃப் ஸ்கிரிப்டால் பழையதையும் புதியதையும் ஒப்பிடுங்கள். நோடுகள் ஒன்றையொன்று சுட்டும் எண்கள் மாறியிருக்கலாம். வேறு எதுவும் மாறியிருக்கக் கூடாது. அதனால்தான் சொல்கிறேன், பிழைத் திருத்தத்தை இந்தக் கமிட்டில் கலக்கவே கலக்காதீர்கள். ஒப்பீடு சுத்தமாக வந்த பிறகு, அந்தத் திருத்தத்தைத் தனியாக, அதற்குரிய ஒரே கோப்பில் செய்யுங்கள். மூன்று போர்டுக்கும் அது போய்ச் சேரும்.

ஓவர்லேயை, அதாவது அடிப்படைக் கோப்பின் மேல் பிறகு சேர்க்கும் துண்டுக் கோப்பை, வாடிக்கையாளர் விருப்பப்படி செருகும் திரை, சென்சார் போன்றவற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு அடிப்படைக் கோப்பைச் சிம்பல்களோடு, அதாவது லேபிள் பெயர்களோடு, கம்பைல் செய்திருக்க வேண்டும். நிரந்தரமான மூன்று போர்டுகளுக்கு மூன்று டிடிஎஸ் கோப்புகளே போதும்.

கோப்புகளை வைக்கும் இடத்தையும் கவனியுங்கள். 32 பிட் ஆர்ம் கோப்புகள் ஒரே அடைவில் குவிந்து கிடந்த காலம் 2023இல் வந்த 6.5 கெர்னலோடு முடிந்தது. அவையும் இப்போது தயாரிப்பாளர் வாரியான துணை அடைவுகளில்தான் இருக்கின்றன. பழைய கிளையிலிருந்து பேட்ச் எடுத்து வந்தால், பாதையையும் மேக்ஃபைல் வரியையும் மாற்ற வேண்டியிருக்கும்.