நர்ஸ் ஹாரியட் டப்மன் நடத்திய வீடு

கேள்வி: நர்ஸாக வேலை பார்த்து, பிறகு சொந்த முயற்சியில் ஒரு முதியோர் இல்லம் தொடங்கி, ஒரு பெரிய குடும்பத்தையும் கட்டிக் காத்த பெண் யாராவது உண்டா? அவர் வாழ்க்கை எப்படி இருந்தது?

உண்டு. ஹாரியட் டப்மன்.

அமெரிக்காவில் அடிமைகளாக இருந்தவர்களை இரவோடு இரவாக வடக்கே கூட்டிக்கொண்டு போனவர் என்றுதான் அவரைப் பலருக்கும் தெரியும். அவரும் அடிமையாகப் பிறந்தவர்தான், 1849-இல் மேரிலாந்து மாநிலத்திலிருந்து தப்பினார். அடுத்த பத்துப் பதினோரு வருடங்களில் சுமார் 13 முறை திரும்பிப் போய், எழுபது பேர் வரை மீட்டு வந்தார். அதைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். ஆனால் அதற்குப் பிறகும் அவர் ஐம்பது வருடத்துக்கு மேல் வாழ்ந்தார். அந்த வருடங்கள் முழுக்க காயம்பட்டவர்கள், நோயாளிகள், வயதானவர்கள், அனாதைப் பிள்ளைகள், சொந்தபந்தங்கள் என்றே ஓடின. நான் ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸாக இருக்கிறேன். அதனால் எனக்கு அவருடைய இந்தப் பின்பாதி வாழ்க்கைதான் நெருக்கம்.

உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த 1862-இல், மாசசூசெட்ஸ் ஆளுநரின் ஏற்பாட்டில் அவர் தென் கரோலினாவின் பியூஃபோர்ட் பகுதிக்குப் போனார். அங்கே அடிமை மாநிலங்களை எதிர்த்துப் போரிட்ட வடக்குப் படையின் முகாமும், அடிமைப் பண்ணைகளிலிருந்து தப்பி வந்து குவிந்த ஆயிரக்கணக்கான கறுப்பின மக்களும் இருந்தார்கள். வார்டில் அவர் செய்த வேலையை அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். விடிந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போய், ஒரு பெரிய ஐஸ் கட்டியைப் பேசினில் போட்டுத் தண்ணீர் ஊற்றி, ஸ்பாஞ்சை எடுத்துக்கொண்டு முதல் ஆளிடம் உட்காருவார். முதலில் ஈக்களை விரட்ட வேண்டும், அப்புறம் காயத்தைக் கழுவ வேண்டும். மூன்று நான்கு பேரைக் கழுவி முடிப்பதற்குள் அவர்கள் உடம்புச் சூட்டில் ஐஸ் கரைந்து தண்ணீர் வெதுவெதுப்பாகிவிடும், நிறமும் ரத்தமாகிவிடும். வேறு ஐஸ் கொண்டு வந்து அடுத்த ஆளைப் பார்ப்பதற்குள் முதல் ஆளின் காயத்தில் மறுபடி ஈ மொய்த்திருக்கும். நாள் முழுக்க இதேதான். ஆள் பற்றாத வார்டில் ஒற்றை ஆளாக டிரஸ்ஸிங் டியூட்டி பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

வயிற்றுக்கடுப்பில் ஆட்கள் செத்துக்கொண்டிருந்த இடங்களில் அவர் கிழங்கு வேர்களைக் காய்ச்சிக் கஷாயம் கொடுத்தார். அந்தக் கைவைத்தியம் மேரிலாந்தில் வளர்ந்தபோதே தெரிந்துகொண்டது. கஷாயத்துக்குப் பெயர் வந்து, ஃபுளோரிடாவின் ஃபெர்னாண்டினாவில் இதே நோய் பரவியபோது அங்கேயும் அவரைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். அம்மை வந்தவர்களையும் பக்கத்தில் இருந்து பார்த்தார்.

சம்பள விஷயத்துக்கு வருகிறேன். ஆரம்பத்தில் ராணுவத்தினரைப் போல அவருக்கும் ரேஷன் கொடுத்தார்கள். சுற்றி இருந்த ஏழை ஜனங்களுக்கு அது கிடைக்கவில்லை, அவர்களுக்கு அதில் வருத்தம். அதைக் கவனித்த ஹாரியட் ரேஷனே வேண்டாம் என்று விட்டுவிட்டார். பகல் முழுக்க ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துவிட்டு, ராத்திரி தன் குடிசையில் ‘பை’ என்ற பலகாரம், இஞ்சி ரொட்டி, ‘ரூட் பீர்’ என்ற பானம் எல்லாம் செய்து, மறுநாள் ஆள் வைத்து முகாமில் விற்றுத் தன் செலவைப் பார்த்துக்கொண்டார். அரசாங்கத்திடமிருந்து வந்த 200 டாலரையும் தனக்கென்று வைத்துக்கொள்ளவில்லை. அதில் ஒரு சலவைக்கூடம் கட்டி, விடுதலை பெற்ற பெண்கள் படைவீரர்களின் துணிகளைத் துவைத்துச் சம்பாதிக்க வழி செய்தார். 1863 ஜூன் 2-ஆம் தேதி கம்பாஹி ஆற்றில் வடக்குப் படை நடத்திய தாக்குதலுக்கு வழிகாட்டி, எழுநூறு பேருக்கு மேல் விடுதலையாக உதவியதும் இதே காலத்தில்தான். அடுத்த மாதம் வாக்னர் கோட்டைச் சண்டையில் அடிபட்ட கறுப்பினப் படைவீரர்களுக்கும் பணிவிடை செய்தார்.

இத்தனையும் செய்த பெண்ணுக்கு சிறுவயதில் தலையில் பலத்த அடி. ஓடிப்போன வேறொரு அடிமையை நோக்கி ஒரு கங்காணி எறிந்த இரண்டு பவுண்டு எடைக்கல் இவர் மண்டையில் விழுந்தது. அதிலிருந்து ஆயுள் முழுக்க, பேசிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று தூங்கிவிடுவார், கொஞ்ச நேரத்தில் விழிப்பார். இன்றைக்கு அப்படி ஒருவர் வந்தால் அவரைத்தான் நாம் அட்மிட் செய்வோம்.

போர் முடிந்த 1865-இல் வர்ஜீனியாவின் மன்றோ கோட்டையில் கறுப்பினத்தவர் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தார். அங்கே நோயாளிகளின் நிலைமையைச் சகிக்காமல் வாஷிங்டனுக்கே போய் முறையிட்டார். அவரை நர்ஸாகவோ மேட்ரனாகவோ நியமிக்கச் சொல்லி உத்தரவு வந்தது, சம்பளம் வரவில்லை. வீட்டுக்குத் திரும்பிய ரயிலில், அரசு பாஸ் கையில் இருந்தும், கண்டக்டர் ஆட்களைக் கூட்டி வந்து அவரை இருக்கையிலிருந்து இழுத்துப் போனார். அதில் கை முறுகி, பல மாதம் வேலை செய்ய முடியாமல் கிடந்தார். போர்முனையில் மூன்று வருடம் உழைத்தபோது படாத காயம் அது.

வீடு என்றால் நியூயார்க் மாநிலத்தின் ஆபர்ன் ஊர் எல்லையில் இருந்த இடம். 1859-இலேயே, அப்போது செனட்டராக இருந்த வில்லியம் சீவர்டிடமிருந்து சுமார் ஏழு ஏக்கரை 1,200 டாலருக்குத் தவணையில் வாங்கியிருந்தார். முக்கியக் காரணம் அப்பா அம்மா. எழுபது வயதைக் கடந்த பென், ரிட் இருவரையும் 1857-இல் மேரிலாந்திலிருந்து கனடாவுக்குக் கூட்டிப் போயிருந்தார், அங்கே குளிர் அவர்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அவர்களுக்காக வாங்கிய வீட்டில் அப்புறம் அண்ணன் தம்பி, அவர்கள் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், வாடகைக்கு வந்தவர்கள், போக்கிடம் இல்லாதவர்கள் என்று யார் யாரோ சேர்ந்துவிட்டார்கள். 1869-இல் நெல்சன் டேவிஸைத் திருமணம் செய்துகொண்டார். போர்வீரர், செங்கல் அறுக்கிறவர், ஹாரியட்டைவிட இருபது வயதுக்கு மேல் இளையவர். இருவரும் கெர்ட்டி என்ற பெண் குழந்தையைத் தத்தெடுத்தார்கள். காசநோய்க்காரரான நெல்சனையும் ஹாரியட்தான் 1888-இல் அவர் இறக்கும்வரை பார்த்துக்கொண்டார்.

இந்த வீட்டுக்கு வருமானம் எங்கிருந்து வந்தது? காய்கறி போட்டார், பன்றி வளர்த்தார், ஆபர்ன் தெருக்களில் வீடு வீடாகப் போய் விற்றார். சாரா பிராட்ஃபோர்ட் இவர் வாழ்க்கையை எழுதி 1869-இல் புத்தகமாகப் போட்டார், அது விற்ற பணம் வீட்டுக் கடனுக்குப் போனது. அப்படியும் பற்றாக்குறைதான். கண் தெரியாதவர், பக்கவாதம் வந்தவர், வலிப்புக்காரர், பெற்றவர்கள் விட்டுப்போன குழந்தை என யார் வாசலில் வந்து நின்றாலும் திருப்பி அனுப்பவில்லை. இதைப் படிக்கும்போது எனக்கு அவர்மேல் மரியாதையோடு பதற்றமும் வரும். நாளைக்கு இத்தனை பேருக்கும் சாப்பாடு என்ன என்று நிச்சயமாகத் தெரியாத வீட்டில் இருந்துகொண்டு இன்னொருவரை உள்ளே கூப்பிட எவ்வளவு மனசு வேண்டும்!

பென்ஷன் கதை தனி. நெல்சனின் விதவை என்ற முறையில் 1890-இல் விண்ணப்பித்தார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. முதல் கணவர் இறந்துவிட்டதற்குச் சான்று, இரண்டாம் கணவர் நெல்சனுக்கு இருந்த இரண்டு பெயர்களும் ஒரே ஆளுடையவைதான் என்பதற்குச் சான்று என்று அலைந்து 1895-இல்தான் மாதம் 8 டாலர் கிடைத்தது. ஆனால் அவர் கேட்டது தன் உழைப்புக்கான கூலியையும். நர்ஸாகவும் சமையல்காரராகவும் ஆஸ்பத்திரியில் இருந்தேன், உளவுப் படைக்குத் தலைமை தாங்கினேன், மூன்று வருடச் சேவைக்கு 1,800 டாலர் பாக்கி என்று 1898-இல் எழுதிக் கொடுத்தார். நாடாளுமன்றத்தில் 25 டாலர் தரலாம் என்று பேச்சு ஓடி, கடைசியில் 1899-இல் 20 டாலரில் நின்றது. விதவைக்கான 8 டாலரோடு ராணுவ நர்ஸ்களுக்கு அப்போது இருந்த 12 டாலரைச் சேர்த்தால் வரும் தொகை அது. போர் முடிந்து 34 வருடம் ஆகியிருந்தது.

இனி நீங்கள் கேட்ட இல்லம். 1896-இல் பக்கத்து நிலம் 25 ஏக்கர், வீடுகளோடு ஏலத்துக்கு வந்தது. கையில் பணம் இல்லாமலே போய் ஒரு மூலையில் உட்கார்ந்தார். கூட்டத்தில் எல்லாரும் வெள்ளைக்காரர்கள், பால் வாளிக்குள் ஒரு கறுப்புப் பழம்போல நான் மட்டும் இருந்தேன் என்று அவரே சொல்லியிருக்கிறார். மற்றவர்கள் ஏற்ற ஏற்ற இவரும் ஏற்றி, 1,450 டாலருக்கு எடுத்துவிட்டார். யார் எடுத்தது என்று திரும்பிப் பார்த்தவர்களுக்கு ஆச்சரியம். அப்புறம்தான் கறுப்பினத்தவர் நடத்திய ஏ.எம்.ஈ. சையன் திருச்சபையின் உதவியும் வங்கி அடமானக் கடனுமாகப் பணம் கட்டினார். வரியும் கடனும் நெருக்கியதால் 1903-இல் இடத்தைத் திருச்சபையிடம் எழுதிக் கொடுத்தார். 1908 ஜூன் 23 அன்று முதியோர் இல்லம் திறந்தது. அப்போது அவருக்கு வயது ஏறக்குறைய 86.

ஆனால் சேர்வதற்கு 100 டாலர் கட்ட வேண்டும் என்று நிர்வாகம் விதி போட்டது. ஹாரியட்டுக்கு அது பொறுக்கவில்லை. கையில் காசே இல்லாதவர்களை மட்டும்தான் சேர்க்க வேண்டும் என்ற விதியை நான் கேட்டேன், இவர்கள் நூறு டாலர் இல்லாமல் வரக்கூடாது என்கிறார்கள் என்று பத்திரிகைக்காரரிடமே சொன்னார். நிர்வாகத்தின் பக்கமும் எனக்குப் புரிகிறது. விறகு, மருந்து, சம்பளம் எல்லாவற்றுக்கும் பணம் வேண்டுமே. ஆனாலும் நான் ஹாரியட் பக்கம்தான். இங்கே டெபாசிட் கட்ட வழியில்லாமல் அம்மாவைத் திரும்ப ஆட்டோவில் ஏற்றிப் போன பிள்ளைகளை வாசலில் நின்று பார்த்திருக்கிறேன். அந்த அம்மாக்களுக்காகத்தான் இப்படிப்பட்ட இடங்கள் இருக்க வேண்டும்.

1911-இல் உடம்பு தளர்ந்து, அவரே அந்த இல்லத்தில் சேர்ந்தார். நோயாளி, கையில் காசில்லை என்று ஒரு நியூயார்க் பத்திரிகை எழுதியதும் அவருக்காக மறுபடி நன்கொடை திரண்டது. கடைசிக் காலத்தைப் பற்றி, பேத்தி முறையாகும் உறவுக்காரப் பெண் ஒருவர் பிற்பாடு எழுதிய நினைவு எனக்கு ரொம்பப் பிடிக்கும். சிறுமியாக அவர் தோட்டத்தில் பூப் பறித்துக்கொண்டிருக்கிறார். சக்கர நாற்காலியில் இருந்த கிழவி மெல்ல இறங்கி, வயிற்றால் புல்லில் ஊர்ந்து வந்து பக்கத்தில் தலை நீட்டுகிறார், அந்தக் காலத்தில் காவல்காரர்கள் கண்ணில் படாமல் எப்படி நகர்ந்தோம் என்று காட்டுவதற்காக.

1913 மார்ச் 10 அன்று நிமோனியாவில் அந்த இல்லத்திலேயே இறந்தார். ஃபோர்ட் ஹில் மயானத்தில் ராணுவ மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். 2003-இல் அமெரிக்க நாடாளுமன்றம் பென்ஷனில் குறைத்துக் கொடுத்ததற்கு ஈடாக 11,750 டாலர் ஒதுக்கி, அவர் நினைவிடங்களின் பராமரிப்புக்குக் கொடுத்தது. 2017 முதல் ஆபர்னில் அவர் வீடும் இல்லமும் இருந்த இடம் தேசிய வரலாற்றுப் பூங்கா. உங்கள் பிள்ளைகளோ உறவினர்களோ நியூயார்க் மாநிலத்தில் இருந்து, போகும் வாய்ப்புக் கிடைத்தால், அவர் குடியிருந்த செங்கல் வீட்டோடு நிறுத்திவிடாமல், அதே வளாகத்தில் இருக்கும் முதியோர் இல்லத்து மர வீட்டையும் பாருங்கள்.