பயாஸ் அப்டேட் பாதியில நின்னா போர்டு செத்துடுச்சுன்னு அர்த்தம் இல்ல

அல்சூர்ல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கார். பி450 மதர்போர்டு, ரைசன் 5 2600 ப்ராசஸர் போட்டு ஓட்டிட்டு இருந்தார், புதுசா 5600 வாங்கியிருக்கார், அதுக்காக விண்டோஸ்குள்ளயே பயாஸ் (ஆன் பண்ணதும் போர்ட எழுப்புற சாஃப்ட்வேர்) அப்டேட் போட்டிருக்கார், பாதி ஓடும்போது சாயங்கால மழையில கரண்ட் போயிடுச்சு. இப்ப ஆன் பண்ணா ஃபேன் மட்டும் சுத்துது, டிஸ்ப்ளே இல்ல, கீபோர்டுல நம்லாக் லைட் கூட எரியல. கடையில காட்டினா "போர்டு டெட், வேற வாங்கிக்கோங்க"ன்னு சொல்லிட்டாங்களாம். "ஏதாவது வழி இருக்காண்ணா?"

இருக்கு தம்பி. பெங்களூர் எஸ்.பி.ரோடுல ஹார்ட்வேர் வேலை பாக்குறேன், இந்த மாதிரி "டெட்"னு ஒதுக்கின போர்டுங்களை பாத்தாலே எனக்கு மனசு கேக்காது. உங்க போர்டுல ஒரு காம்பொனன்ட்டும் எரியல, கடுகு டப்பா மூடி அளவுகூட இல்லாத ஒரு எட்டுக்கால் சிப்பு, அதுக்குள்ள எழுதியிருந்த பயாஸ் பாதி அழிஞ்சு பாதி நிக்குது, அவ்வளவுதான். திரும்ப எழுதிட்டா போர்டு எழுந்துடும்.

முதல்ல செலவில்லாத விஷயத்தை முடிச்சுடுவோம். 5600ஐ மாட்டி பாத்துட்டு இருந்தீங்கன்னா கழட்டிட்டு 2600ஐயே போடுங்க, பழைய பயாஸுக்கு 5600 யாருன்னே தெரியாது. கிராஃபிக்ஸ் கார்டு இருக்கணும், 2600ல ஆன்போர்டு டிஸ்ப்ளே கிடையாது. ரேம் ஒண்ணு மட்டும் விடுங்க, பவர் கேபிளை உருவிட்டு ரவுண்டு பேட்டரிய பத்து நிமிஷம் கழட்டி வச்சு திரும்ப போட்டு ஆன் பண்ணி, அஞ்சு நிமிஷம் பொறுமையா விட்டு பாருங்க. உங்க கேஸ்ல இதுல சரியாகும்னு எனக்கு நம்பிக்கை கம்மி, ஆனா பாக்காம அடுத்ததுக்கு போகக்கூடாது.

அடுத்து ஃப்ளாஷ்பேக் பட்டன், அதாவது பென்டிரைவ்ல இருந்து நேரா பயாஸ எழுதிக்கிற பட்டன். பின்னாடி மட்டும் இல்ல, சில போர்டுல போர்டு மேலயே இருக்கும், மேனுவலை ஒரு தடவை பாத்துடுங்க. இருந்தா உங்களுக்கு அதிர்ஷ்டம், ப்ராசஸர் ரேம் எதுவுமே வேண்டாம், பவர் மட்டும் போதும். பென்டிரைவ ஃபேட்32ல ஃபார்மட் பண்ணி பயாஸ் ஃபைல் ஒண்ண மட்டும் போடணும், பேரு சரியா இருக்கணும், எம்எஸ்ஐக்கு எம்எஸ்ஐ.ரோம், கிகாபைட்டுக்கு கிகாபைட்.பின், ஆஸ்ராக்குக்கு கிரியேட்டிவ்.ரோம், ஆசுஸுக்கு அவங்க குடுக்குற ரீநேமர் டூல். நிறைய பேர் இந்த பேர் விஷயத்துலதான் கோட்டை விடுறாங்க, லைட் கொஞ்சம் மின்னிட்டு நின்னுடுது, உடனே போர்டு போச்சுன்னு நினைச்சுக்கறாங்க.

பட்டனே இல்லன்னா ப்ரோக்ராமர்தான், அதாவது இன்னொரு கம்ப்யூட்டர்ல மாட்டி சிப்புல நேரா எழுதுற குட்டி கருவி. சிஹெச்341ஏன்னு கேளுங்க, எஸ்.பி.ரோடுல சில நூறு ரூபாய்க்கு கிடைக்கும், கூடவே எட்டுக்கால் சிப்பை கவ்வுற டெஸ்ட் க்ளிப்பும் வாங்கிக்கோங்க.

இங்க நிதானமா படிங்க. சிப்பு மேல என்ன எழுதியிருக்குன்னு முதல்ல பாருங்க, எழுத்து கண்ணுக்கே தெரியாது, மொபைல் டார்ச்ச பக்கவாட்டுல சாய்ச்சு அடிச்சா தெரியும். எம்எக்ஸ்25எல்னு ஆரம்பிச்சா 3.3 வோல்ட், எம்எக்ஸ்25யூன்னு இருந்தா 1.8 வோல்ட். வின்பாண்ட்ல டபிள்யூ25கியூ128க்கு அப்புறம் எஃப்வி, ஜேவின்னு வந்தா 3.3, எஃப்டபிள்யூ, ஜேடபிள்யூன்னு வந்தா 1.8. ஏன் இவ்வளவு இழுக்கறேன்னா உங்களோடது மாதிரி ஏஎம்4 போர்டுங்கள்ல 1.8 வோல்ட் சிப்பு நிறைய வருது, அதுல 3.3 போனா சிப்பே கெட்டுடலாம், யூட்யூப்ல பாத்து நேரா க்ளிப்ப மாட்டுறவங்க இதை கவனிக்கறதே இல்ல. 1.8க்கு தனியா ஒரு குட்டி அடாப்டர் போர்டு இருக்கு, ப்ரோக்ராமருக்கும் க்ளிப்புக்கும் நடுவுல வரணும். அதோட கறுப்பு கலர்ல வர்ற சாதா சிஹெச்341ஏல இன்னொரு குறை, சிப்புக்கு பவர் 3.3தான் போகும், ஆனா டேட்டா லைன்ல 5 வோல்ட் வந்துடும், அதனால வோல்டேஜ் மாத்துற ஸ்விட்ச் வச்ச மாடலா கேட்டு வாங்குங்க.

எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) கேபிள கழட்டுங்க, பேட்டரிய எடுங்க, பவர் பட்டன ரெண்டு தடவை அமுக்கி மிச்ச கரண்ட்ட இறக்குங்க. சிப்பு ஓரத்துல ஒரு புள்ளி இருக்கும், அதுதான் முதல் கால், க்ளிப்போட சிவப்பு ஒயர் அந்த பக்கம். கவ்வினதும் ப்ரோக்ராமர் மாட்டியிருக்குற கம்ப்யூட்டர்ல ரீட் குடுங்க. ஃபைல் முழுக்க எஃப்எஃப் எஃப்எஃப்னோ பூஜ்ஜியமாவோ வந்தா க்ளிப்பு சரியா உக்காரல, எடுத்துட்டு திரும்ப மாட்டுங்க. ஒழுங்கா வந்ததும் சேவ் பண்ணிட்டு, க்ளிப்ப கழட்டி மாட்டி இன்னொரு தடவை ரீட் பண்ணி, ரெண்டு ஃபைலும் ஒண்ணா இருக்கான்னு கம்பேர் பண்ணுங்க.

"அழிஞ்சு போனத எதுக்குண்ணா சேவ் பண்ணணும்?"னு தோணும். ஆரம்பத்துல நானும் அப்படித்தான் நினைச்சேன், ஒரு லேப்டாப்ப ரீட் பண்ணாமலே எரேஸ் குடுத்து நெட்ல கிடைச்ச ஃபைல எழுதிட்டேன், டிஸ்ப்ளே வந்துடுச்சு, ஆனா சீரியல் நம்பரும் இல்ல, கூட வந்த விண்டோஸ் கீயும் இல்ல. ரெண்டும் அந்த சிப்புக்குள்ளதான் இருந்துது, வேற எங்கயும் இல்ல. அந்த கஸ்டமர் முகம் இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கு. டெஸ்க்டாப் போர்டுலயும் சீரியல், யூயூஐடி (போர்டோட தனி அடையாள எண்), இன்டெல் லேன் இருந்தா மேக் அட்ரஸ் (நெட்வொர்க் அடையாள எண்) எல்லாம் இதுக்குள்ள இருக்கலாம், பாதி அழிஞ்ச டம்ப்ல (ரீட் பண்ணி சேவ் பண்ண ஃபைல்ல) இருந்து கூட அத தேடி எடுத்து புது ஃபைல்ல ஒட்டிடலாம். எரேஸ் குடுத்துட்டா முடிஞ்சுது.

இப்ப எழுதப்போற ஃபைல். உங்க போர்டு பேரு மட்டும் பாத்தா பத்தாது, ரிவிஷன் நம்பரும் ஒத்துப்போகணும், கம்பெனி சைட்ல இருந்தே எடுங்க. 128 மெகாபிட் சிப்புன்னா ஃபைல் சரியா 1,67,77,216 பைட் இருக்கணும், ஒரு பைட் கூட கூடக்கூடாது. ஆசுஸோட கேப் ஃபைல் வழக்கமா 2048 பைட் பெரிசா இருக்கும், அது முன்னாடி ஒட்டியிருக்குற ஹெட்டர், ஹெக்ஸ் எடிட்டர்ல (ஃபைல பைட் பைட்டா திருத்துற சாஃப்ட்வேர்) அந்த 2048ஐ வெட்டிட்டுதான் எழுதணும், அப்படியே எழுதினா எல்லாம் தள்ளிப்போய் உக்காந்து போர்டு எழாது. அப்புறம் எரேஸ், ப்ளாங்க் செக் (முழுசா அழிஞ்சுதான்னு பாக்குறது), ரைட், வெரிஃபை, இந்த வரிசைதான், வெரிஃபைல தப்புன்னு வந்தா போர்ட ஆன் பண்ணாதீங்க, க்ளிப்ப சரி பண்ணி மறுபடி முதல்ல இருந்து.

சில போர்டுல க்ளிப்பு போட்டா சிப்பையே கண்டுபிடிக்காது, க்ளிப்பு குடுக்குற கரண்ட்ட போர்டுல இருக்குற மத்த சர்க்யூட் இழுத்துடும். அப்ப ஹாட் ஏர் வச்சு சிப்ப எடுத்து தனியா எழுதணும், பழக்கம் இல்லாம அதுல கை வைக்காதீங்க தம்பி, சிப்பு கால் ஒட்டியிருக்குற செம்பு பேட் பிச்சுகிட்டு வந்தா நிஜமாவே போர்டு போயிடும். அந்த வேலைய மட்டும் சிப் லெவல் பண்றவங்ககிட்ட குடுங்க, "பயாஸ் ரைட் பண்ணணும், டம்ப் எடுத்துட்டு பண்ணுங்க"ன்னு வாய் விட்டு சொல்லி குடுங்க.

எழுந்ததும் 2600லயே ரெண்டு நாள் ஓட்டிட்டு அப்புறம் 5600 மாட்டுங்க. எழுதின வெர்ஷன்ல 5600 சப்போர்ட் இருக்கான்னு கம்பெனி லிஸ்ட்ல பாத்துக்கோங்க, திரும்ப அப்டேட் பண்ண வேண்டி வந்தா விண்டோஸ்ல வேண்டாம், பயாஸ் மெனுக்குள்ளயே பென்டிரைவ்ல இருந்து, யூபிஎஸ் வச்சு. ப்ரோக்ராமர் மாட்டுறதுக்கு முன்னாடி சிப்பு மேல இருக்குற எழுத்த ஒரு போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்க, வோல்டேஜ் என்னன்னு பாத்து சொல்றேன்.